மூலையை வளைக்கும் முன் ஒரு நிமிடம்

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு பிளேன்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள். போட்டோவின் மூலையை வளைப்பதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். "இதுக்கெல்லாம் ஒரு பதிவா டீச்சர்?" என்று யாராவது கேட்பீர்கள். சில மாதங்களுக்கு முன்பு என்றால் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

நான் தரம் 10, 11 பிள்ளைகளுக்கு ஐ.சி.டி. படிப்பிக்கிறேன். எங்கள் கணினி அறையில் ஓடுகிற கணினிகள் குறைவு; ஒன்றுக்கு மூன்று பிள்ளைகள் உட்காருவார்கள். அதில் கிம்ப் என்ற இலவச மென்பொருளைப் போட்டு வைத்திருக்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை. பிள்ளைகள் களைத்துப் போயிருந்தார்கள். சரி, இன்றைக்கு கண்ணுக்குப் பிடித்த மாதிரி ஒன்று செய்வோம் என்று, கூரான மூலையுள்ள ஒரு படத்தை எப்படி வளைந்த மூலையாக மாற்றுவது என்று காட்டிக் கொடுத்தேன்.

வகுப்பே விழித்துக்கொண்டது. நான்கு கிளிக்கில் சாதாரணப் போட்டோ ஒன்று கடையில் செய்த அட்டை மாதிரி ஆகிவிட்டது. "டீச்சர், எங்க போட்டோவும் போடுங்க" என்று ஒரே சத்தம். மணி அடித்த பிறகும் யாரும் எழும்பவில்லை. படிப்பிக்கிற எங்களுக்கு இதைவிட என்ன சந்தோசம் வேண்டும்? அன்றைக்கு நான் நல்ல மனநிலையில்தான் வீட்டுக்குப் போனேன்.

சில வாரம் கழித்து ஒரு மாணவனின் அம்மா பாடசாலைக்கு வந்தார். கொழுந்து எடுக்கிறவர். அன்றைக்கு வேலைக்குப் போகாமல் வந்திருந்தார். ஒரு நாள் பேர் போய்விட்டது. கையில் மகனுடைய போன்.

"டீச்சர், இவன் தொழில் படிக்கிறதுக்கு விண்ணப்பம் போட்டிருந்தான். பிறப்புச் சான்றிதழ் சரியில்லன்னு திருப்பிட்டாங்க. நம்பர் முழுசா இல்லையாம். வீட்ல இருந்த பேப்பர்ல எல்லாம் இருந்துச்சு டீச்சர், எனக்கு நல்லா தெரியும்."

போனை வாங்கிப் பார்த்தேன். பிறப்புச் சான்றிதழின் படம். நான்கு மூலையும் அழகாக வளைந்திருந்தது. ஓரத்தில் லேசான நிழல்கூட விழுந்திருந்தது. மேல் மூலையில் இருந்த எண்ணின் கடைசி இலக்கங்களை அந்த வளைவு சாப்பிட்டிருந்தது. கீழ் மூலையில் முத்திரையின் ஒரு பக்கமும் இல்லை.

பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "நீங்க சொல்லிக் குடுத்த மாதிரி நீட்டா செஞ்சி அனுப்புனேன் டீச்சர். சும்மா அனுப்பினா நம்மள மதிக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்."

கையிலிருந்த தாளை வேறொரு விண்ணப்பத்தோடு ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள். கொடுப்பதற்கு முன் எடுத்த அந்தப் போட்டோ மட்டும்தான் வீட்டில் மிச்சம். அதை அவன் போனிலேயே எடிட் செய்து, பிரதி எடுக்காமல், அதன் மேலேயே சேமித்துவிட்டான். எண் கையில் இருந்திருந்தால் புதிய பிரதி எடுப்பது சுலபம். எண் முழுதாக இல்லையென்றால் பதிவேட்டில் தேட வேண்டும். அதற்கு இன்னும் நாளாகும். பிரதி கையில் கிடைத்தபோது அந்த முறை ஆட்களை எடுத்து முடித்துவிட்டார்கள். அடுத்த முறைக்குக் காத்திருக்கச் சொன்னார்கள்.

இதில் நான் அந்த அலுவலகத்தைக் குறை சொல்ல மாட்டேன். எண் இல்லாத பத்திரத்தை யார் ஏற்பார்கள்? பிள்ளையையும் குறை சொல்ல மாட்டேன். அவன் படித்ததைச் செய்தான். குறை என்னுடையது. மூலையை எப்படி வளைப்பது என்று மட்டும் நான் சொல்லிக்கொடுத்தேன். வளைக்கும்போது என்ன நடக்கிறது, எதை வளைக்கக் கூடாது என்பதைச் சொல்லவில்லை. பாடத்தில் பாதியைத்தான் படிப்பித்திருக்கிறேன். மற்றப் பாதிதான் இந்தப் பதிவு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வளைந்த மூலைக்கு நான் எதிரியல்ல. அது வெறும் அலங்காரமும் அல்ல. உங்கள் வங்கி அட்டையை எடுத்துப் பாருங்கள். உலகத்தில் எந்த வங்கி கொடுத்தாலும் அதன் அளவு ஒன்றுதான்: 85.60 மில்லிமீற்றர் நீளம், 53.98 மில்லிமீற்றர் அகலம். நான்கு மூலையும் ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் ஆரையில் வளைந்திருக்கும். அதற்கென்று சர்வதேசத் தரமே இருக்கிறது. கூரான மூலை பர்ஸில் குத்தும், மடங்கும், பிய்யும். வளைந்த மூலை நிறைய நாள் தாங்கும்.

லயத்து வீடுகளில் இருக்கிறவர்களுக்கு இன்னொன்று தெரியும். சுவரில் வெடிப்பு எங்கேயிருந்து கிளம்புகிறது? பெரும்பாலும் கதவு, ஜன்னலின் மூலையிலிருந்து சாய்வாக மேலே ஓடும். கூரான மூலையில் பாரம் வந்து குவியும். அங்கேதான் முதலில் பிளக்கும். 1954இல் கொமட் என்ற பிரித்தானிய ஜெட் விமானங்கள் இரண்டு அடுத்தடுத்து மத்தியதரைக் கடலில் விழுந்தன. ஆராய்ந்து பார்த்தபோது, விமானத்தின் உடலில் ஜன்னல் போன்ற திறப்புகளுக்காக வெட்டிய இடங்களின் மூலைகளில் உலோகம் களைத்துப் பிளந்தது தெரிய வந்தது. இன்றைக்கு விமான ஜன்னல்கள் நன்றாக வளைந்திருப்பதைப் பார்க்கிறோம். ஆகவே மூலையை வளைப்பதற்கு நல்ல காரணங்கள் உண்டு.

கணினித் திரைக்கு இந்த வளைவு வந்த கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்வேன். 1981இல் அப்பிள் நிறுவனத்தில் பில் அட்கின்சன் என்பவர் திரையில் உருவங்கள் வரைவதற்கான நிரலை எழுதிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்துக் கணினிக்கு வட்டம் வரைவது பெரிய வேலை. வர்க்கமூலம் கண்டுபிடிக்க நேரம் போய்விடும். அவர் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார். 1 உடன் 3ஐக் கூட்டினால் 4. அதோடு 5ஐக் கூட்டினால் 9. அதோடு 7ஐக் கூட்டினால் 16. ஒற்றை எண்களை வரிசையாகக் கூட்டிக்கொண்டே போனால் வர்க்க எண்கள் வந்துகொண்டே இருக்கும். நம் பிள்ளைகள் எண்கோலம் படிக்கும்போது பார்க்கிற அதே விசயம். இதை வைத்து, பெருக்கலே இல்லாமல், வெறும் கூட்டலால் வட்டத்தையும் நீள்வட்டத்தையும் வேகமாக வரையச் செய்தார்.

அதைக் காட்டியபோது ஸ்டீவ் ஜொப்ஸ், மூலை வளைந்த செவ்வகம் வரையுமா என்று கேட்டாராம். அது கஷ்டம், தேவையுமில்லை என்று அட்கின்சன் சொல்லியிருக்கிறார். ஜொப்ஸ் அவரை அறையைச் சுற்றிப் பார்க்க வைத்து, பிறகு வெளியே தெருவுக்கும் கூட்டிக்கொண்டு போய், கண்ணில் படுகிற வளைந்த மூலைகளை எல்லாம் காட்டினார். கடைசியில் 'வாகனம் நிறுத்தக் கூடாது' என்ற பலகையைப் பார்த்ததும் அட்கின்சன் ஒத்துக்கொண்டார். அடுத்த நாளே செய்தும் முடித்தார். இதை அவர்களோடு வேலை செய்த அண்டி ஹேர்ட்ஸ்பெல்ட் எழுதி வைத்திருக்கிறார். 1984இல் மெக்கின்டொஷ் கணினி வெளிவந்தபோது அந்த வளைந்த செவ்வகமும் அதனோடு வந்தது. இன்றைக்கு உங்கள் போனில் நீங்கள் அழுத்துகிற பட்டன்கள் எல்லாம் அந்த வழி வந்தவைதான்.

இந்தக் கதையில் நான் கவனிக்கிற இடம் ஒன்று இருக்கிறது. அட்கின்சன் எந்தப் படத்தையும் வெட்டவில்லை. வளைந்த மூலையோடு ஒரு புதிய உருவத்தை வரைந்தார். நாங்கள் போட்டோவில் செய்வது அது அல்ல. இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான், வேலை வேறு.

போட்டோ என்பது சின்னச் சின்னச் சதுரப் புள்ளிகளால் ஆனது. பிக்சல் என்கிறோம். அதன் மூலையை "வளைக்கிறோம்" என்று வாயால் சொல்கிறோமே தவிர, அங்கே எதுவும் வளைவதில்லை. கம்பியை வளைத்தால் கம்பி முழுதாக இருக்கும். போட்டோவின் மூலையில் இருக்கிற புள்ளிகளை வெட்டி எறிகிறோம், அவ்வளவுதான். கிம்பில் நான் காட்டிய வழியையே பாருங்கள். மேலே 'செலக்ட்' என்பதற்குள் 'ரவுண்டட் ரெக்டாங்கிள்' என்று இருக்கும். எத்தனை வீதம் வளைய வேண்டும் என்று கொடுத்தால் நடுப்பகுதி தெரிவாகும். பிறகு 'இன்வர்ட்' கொடுத்தால் தெரிவு மாறி, நான்கு மூலைத் துண்டுகள் மட்டும் பிடிபடும். அடுத்து 'டிலீட்'. கடைசிச் சொல்லைப் பாருங்கள். அழித்தல். அந்த வெள்ளிக்கிழமை அந்தச் சொல்லை நானே என் வாயால் சொன்னேன். ஆனால் அதன் கருத்தைச் சொல்லாமல் போய்விட்டேன்.

எவ்வளவு அழிகிறது என்று கணக்கும் போடலாம். தரம் 11 கணிதம் போதும். மூலையின் ஆரை r என்றால், நான்கு மூலையையும் சேர்த்து வைத்தால் பக்கம் 2r ஆன ஒரு சதுரம். அதற்குள் ஆரை r உள்ள ஒரு வட்டம். சதுரத்தின் பரப்பு 4r². வட்டத்தின் பரப்பு 22/7 r². கழித்தால் மிச்சம் 6/7 r². ஆரை 100 பிக்சல் என்று வைத்தால், ஏறக்குறைய 8,571 புள்ளிகள் போய்விடும். ஒரு மூலைக்கு 2,000க்கு மேல். போனில் எடுத்த ஒரு பத்திரத்தில் ஓர் இலக்கத்தைச் சாப்பிட அது தாராளம். ஆரையை இரண்டு மடங்கு ஆக்கினால் இழப்பு நான்கு மடங்கு. இந்தக் கணக்கை இப்போது வகுப்பில் போட்டுக் காட்டுகிறேன். கணிதப் பாடத்தில் தூங்குகிற பிள்ளைகூட இதற்கு விழித்திருக்கிறது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மூலையை வெட்டிய இடத்தில் ஒன்றுமே இல்லாமல் இருக்க வேண்டுமென்றால் படத்துக்கு 'அல்பா சனல்' என்ற ஒளிபுகும் தளம் வேண்டும், பி.என்.ஜி. ஆகச் சேமிக்க வேண்டும். ஜே.பி.ஜி. ஆகச் சேமித்தால் அந்த வெற்றிடத்தை அது தாங்காது. வெள்ளையோ கறுப்போ வேறொரு நிறமோ வந்து உட்காரும். பேஸ்புக்கில் சில வாழ்த்துப் படங்களில் மூலை வளைந்திருக்கும், ஆனால் அதைச் சுற்றி வெள்ளை முக்கோணம் மாதிரி நான்கு துண்டு நிற்குமே, அது இதனால்தான். இதெல்லாம் அழகுக் குறை, பெரிய நட்டமில்லை. ஆனால் அதே ஜே.பி.ஜி.யை அதே பெயரில், பழையதின் மேலேயே சேமித்துவிட்டால் வெட்டிய மூலை திரும்ப வராது. அந்தப் பிள்ளைக்கு நடந்தது இதுதான்.

இதில் எனக்கே வெட்கமான ஒரு விசயம். கிம்பில் 'பில்டர்ஸ்' பகுதிக்குள் 'டெக்கர்' என்பதில் 'ரவுண்ட் கோர்னர்ஸ்' என்று தனியாகவே ஒரு வசதி இருக்கிறது. மூலையை வளைத்து, நிழலும் போட்டுத் தரும். அதைத் திறந்தால் ஒரு சின்னப் பெட்டி இருக்கும்: 'பிரதியில் வேலை செய்'. அதில் சரி போட்டால் மூலப்படத்தைத் தொடாமல் இன்னொன்றில் செய்து தரும். ஒரு பிள்ளை அவசரத்தில் மூலத்தை அழித்துவிடும் என்று அந்த மென்பொருளை எழுதியவர்கள் யோசித்திருக்கிறார்கள். வகுப்பில் முன்னால் நின்ற நான் யோசிக்கவில்லை.

இனி, ஏன் இதை நம்முடைய பகுதியில் இருக்கிறவர்கள் மற்றவர்களைவிடக் கவனமாக எடுக்க வேண்டும் என்கிறேன்?

மலையகத்தில் ஒரு தாள் என்பது சும்மா தாள் அல்ல. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது, இங்கேயே பிறந்து வளர்ந்த தோட்டத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாடற்றவர்கள் ஆனார்கள். உன் தகப்பன் இங்கே பிறந்தாரா, பாட்டன் இங்கே பிறந்தாரா, காகிதம் காட்டு என்று கேட்டது அந்தச் சட்டம். லயத்தில் பிறந்த பிள்ளைக்கு அந்தக் காலத்தில் யார் காகிதம் எழுதி வைத்தார்கள்? 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரின் கதை பிறகு என்று ஆட்களைப் பங்கு போட்டார்கள். அந்த மிச்சத்தையும் 1974இல் இரண்டு நாடும் பாதி பாதியாகப் பிரித்தன. 2003இல் வந்த சட்டத்தோடுதான் மீதியிருந்தவர்களுக்கு இந்நாட்டுப் பிரஜாவுரிமை கிடைத்தது. என் வகுப்பில் இருக்கிற பிள்ளைகளின் பாட்டன் பாட்டிமார் இந்தக் கதைக்குள் வாழ்ந்தவர்கள். இன்றைக்கும் சில வீடுகளில் ஒரு தகரப் பெட்டிக்குள், பிளாஸ்டிக் உறையில் சுற்றி, பழைய காகிதம் ஒன்றைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். அதை எடுத்துக் காட்டும்போது கையே நடுங்கும்.

அப்படிக் காகிதத்துக்காக ஐம்பது வருசத்துக்கு மேல் அலைந்த ஒரு சமூகத்தின் பேரப்பிள்ளை, அந்தக் காகிதத்தின் மூலையைத் தானே வெட்டி அழகு பார்க்கிறது. அதற்கு வழி காட்டியது நான். இதை யோசித்தால் இரவில் தூக்கம் வரவில்லை.

ஒரு பத்திரத்தில் மூலை என்பது காலியிடம் அல்ல. எண், திகதி, முத்திரை, கையெழுத்து, பக்க இலக்கம் எல்லாம் ஓரத்திலும் மூலையிலும்தான் வந்து நிற்கும். நடுவில் இருப்பது பெயரும் விபரமும். அந்த விபரம் உண்மை என்று சாட்சி சொல்வது ஓரத்தில் இருக்கிறது. பிரதியில் நான்கு மூலையும் முழுதாகத் தெரிந்தால்தான் பார்க்கிற அதிகாரிக்கும் இது வெட்டி ஒட்டியதல்ல என்று நம்பிக்கை வரும். வளைத்து நிழல் போட்ட பத்திரத்தைப் பார்த்தால், யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்ற எண்ணம்தான் முதலில் வரும். நேர்மையான பிள்ளை, திருட்டு வேலை செய்தது போல நிற்க வேண்டி வரும்.

பத்திரம் மட்டுமல்ல. இன்னொரு படத்தையும் சொல்கிறேன். இது நம் எல்லாரோடும் சம்பந்தப்பட்டது. ஒவ்வொரு பெப்ரவரி 4க்கும் பாடசாலைகள், பள்ளிவாசல்கள், கோயில்கள், கடைகள் எல்லாம் சுதந்திர தின வாழ்த்துப் படம் போடுகின்றன. நிறையப் படங்களில் தேசியக் கொடியின் மூலைகளை நன்றாக வளைத்திருப்பார்கள். கொடியைக் கவனமாகப் பாருங்கள். சிங்கம் நிற்கிற பகுதியின் நான்கு மூலையிலும் நான்கு அரச இலைகள். 1972இல்தான் அந்த இலைகள் இப்போதுள்ள வடிவத்துக்கு வந்தன. இடது பக்கம் இரண்டு பட்டைகள். செம்மஞ்சள் தமிழர்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு. 1951இல் சேர்க்கப்பட்டவை. எல்லாவற்றையும் சுற்றி மஞ்சள் கரை.

இப்போது மூலையை வளைத்துப் பாருங்கள். முதலில் எல்லாரையும் சுற்றி நிற்கிற மஞ்சள் கரை நான்கு இடத்தில் அறும். இன்னும் ஆரையைக் கூட்டினால் இடது பக்கத்தில் பச்சைப் பட்டையின் மேலும் கீழும் போகும். வலது பக்கத்தில் அரச இலைகளுக்கு வெட்டு விழும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. பார்க்க அழகாக இருக்கும் என்றுதான் செய்கிறார்கள். ஆனால் ஓரத்தில் இருப்பவர்கள்தான் முதலில் வெட்டுப்படுகிறார்கள் என்பது என் போன்றவர்களின் கண்ணுக்கு உடனே தெரியும். கொடியைக் கொடியாகவே வையுங்கள். அதன் கீழே வாழ்த்து எழுதுகிற பெட்டியை வேண்டிய மட்டும் வளையுங்கள்.

அப்படியென்றால் எங்கே வளைக்கலாம்? நிறைய இடங்களில் வளைக்கலாம், வளைக்கவும் வேண்டும். கல்யாண அழைப்பு, தேர்த்திருவிழா நோட்டீஸ், மீலாத் விழாப் போஸ்டர், விளையாட்டுப் போட்டிச் சான்றிதழின் அலங்காரக் கரை, கடைப் பெயர்ப்பலகை, ஜனாஸா அறிவித்தலின் பெட்டி, மரண அறிவித்தலில் போடுகிற படம். இவற்றுக்குச் சில சின்ன விசயங்களைச் சொல்லிவிடுகிறேன். நம் பகுதியில் கொமியுனிகேஷன் கடை வைத்திருக்கிற தம்பிமாருக்கும் உதவும்.

பெட்டியை வரைந்து வளைப்பது நல்லது. படத்தை வெட்டி வளைப்பது இரண்டாம் பட்சம். இன்க்ஸ்கேப் என்ற இன்னொரு இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் செவ்வகம் ஒன்றை வரைந்தால் மூலையில் ஒரு சின்ன வட்டப் பிடி தெரியும். அதை இழுத்தால் மூலை வளையும். திரும்ப இழுத்தால் பழையபடி கூராகும். எத்தனை முறை மாற்றினாலும் எதுவும் அழியாது. நான் மேலே சொன்ன அட்கின்சன் வழி இதுதான்.

ஒரு போஸ்டரில் பல பெட்டிகள் இருந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே ஆரை கொடுங்கள். ஒன்று முட்டை மாதிரி, ஒன்று செங்கல் மாதிரி இருந்தால் கண் குழம்பும். பெட்டிக்குள் பெட்டி வைத்தால் உள்பெட்டியின் ஆரை குறைவாக இருக்க வேண்டும். வெளிப்பெட்டியின் ஆரை 20, இரண்டுக்கும் இடைவெளி 8 என்றால், உள்பெட்டிக்கு 12. இந்தக் கழித்தலைச் செய்தால் போதும். இரண்டு வளைவும் சேர்ந்து ஓடும்.

தமிழுக்குத் தனியாக ஒன்று. நம் எழுத்துகளில் மேலே புள்ளி வரும், விசிறி வரும். கீழே உகரச் சுழி இறங்கும். ஆங்கிலத்துக்கு விட்ட இடைவெளி நமக்குப் போதாது. வளைந்த மூலைக்குப் பக்கத்தில் எழுத்து போனால் முதலில் அடிபடுவது புள்ளிதான். புள்ளி போனால் சொல்லே மாறிப்போகும். ஆகவே ஓரத்திலிருந்து குறைந்தது ஆரையளவாவது தள்ளி எழுத்தை வையுங்கள்.

போட்டோவைத்தான் வளைக்க வேண்டும் என்றால் முதலில் மூலையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வகுப்புப் படத்தில் ஓரத்தில் நிற்கிற பிள்ளையின் தோளும் காதும் அங்கேதான் இருக்கும். எப்போதும் ஓரத்தில் நிற்கிற பிள்ளை யார் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். படத்திலாவது அது முழுதாக இருக்கட்டும்.

நான் இதை ஆசிரியர் அறையில் சொன்னபோது ஒரு சேர் கேட்டார்: "இதெல்லாம் இப்ப போன்ல ஒரே அழுத்தில வருது டீச்சர். நீங்க ஏன் கிம்ப், ஆரை, கணக்குன்னு பிள்ளைகளக் கஷ்டப்படுத்துறீங்க? வேல ஆகணும், அவ்வளவுதானே?"

நியாயமான கேள்விதான். என் பதில் இது. ஒரே அழுத்தில் வருகிறது என்பதால்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். கத்தரிக்கோலால் தாளை வெட்டினால் வெட்டிய துண்டு மேசையில் கிடக்கும். பிழை என்றால் எடுத்து ஒட்டலாம். போனில் வெட்டினால் துண்டு கண்ணில் படாது. கண்ணில் படாத இழப்பைக் காட்டிக் கொடுப்பதுதான் ஆசிரியரின் வேலை. பட்டனை அழுத்த நாங்கள் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அதில் பிள்ளைகள் எங்களைவிடக் கெட்டிக்காரர்கள்.

பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியில் படித்த காலத்தில், ஒரு பாடத்தைத் திட்டமிடும்போது பிள்ளை எதைச் செய்யப் போகிறது என்பதோடு எங்கே பிழை விடும் என்பதையும் எழுதப் பழகினோம். வேலைக்கு வந்து இத்தனை வருசத்தில் அந்த இரண்டாவது பகுதியை எழுதுவதை விட்டுவிட்டேன் என்பது இப்போதுதான் உறைத்தது.

அந்தப் பிள்ளை சொன்ன சொல்லும் மனதை விட்டுப் போகவில்லை. "சும்மா அனுப்பினா நம்மள மதிக்க மாட்டாங்க." எங்கேயிருந்து அவனுக்கு இது வந்தது? தோட்டத்துப் பிள்ளை என்றால் கொஞ்சம் கூடுதலாகவே சோடித்துக்கொண்டு போனால்தான் உள்ளே விடுவார்கள் என்று அவனுக்கு யாரோ எப்போதோ உணர்த்தியிருக்கிறார்கள். வெட்டுப்பட்ட இலக்கத்தைவிட எனக்கு அதுதான் அதிகம் வலிக்கிறது. மகனே, உன் பிறப்புச் சான்றிதழுக்கு அலங்காரம் தேவையில்லை. மூலை மடங்கியிருந்தாலும், தேயிலைக் கறை பட்டிருந்தாலும், அது முழுதாக இருந்தால் போதும். நீயும் அப்படித்தான்.

இப்போது என் வகுப்பில் நான்கு பழக்கங்களை வைத்திருக்கிறேன். மற்ற ஆசிரியர்கள் விரும்பினால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: எந்தப் படத்தைத் திறந்தாலும் முதலில் பிரதி, பிறகுதான் கை வைப்பது. மூலம் வேறு கோப்புறையில் இருக்கும்.

இரண்டு: 'டிலீட்' அழுத்த முன் நான்கு மூலையையும் பெரிதாக்கிப் பார்த்து, அங்கே என்ன இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "வானம், வானம், மரம், தம்பியின் கை" என்று சொல்வார்கள். தம்பியின் கை என்று வந்தால் ஆரை குறையும்.

மூன்று: பத்திரம், அடையாள அட்டை, பெறுபேற்றுத் தாள், கொடி. இவற்றை வெட்டுவதும் இல்லை, வளைப்பதும் இல்லை. வெளிச்சம் போதாவிட்டால் திரும்ப எடுப்போம். சுற்றியுள்ள மேசை தெரிந்தாலும் பரவாயில்லை.

நான்கு: வேலை முடிந்ததும் மூலத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். என்ன கிடைத்தது, என்ன போனது என்று இரண்டு வரி எழுத வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் இருக்கிற பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, அடையாள அட்டை எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில், நான்கு மூலையும் தெரிய, ஒரு முறை படம் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். ஒன்று போனில், இன்னொன்று நம்பிக்கையான ஒருவரிடம் அல்லது மின்னஞ்சலில். எண்களை ஒரு கொப்பியிலும் எழுதி வையுங்கள். மண்சரிவு, நெருப்பு என்று லயங்களில் நாங்கள் பார்க்காததில்லை. தாள் போனாலும் எண் இருந்தால் தாளைத் திரும்ப எடுக்கலாம். லெமினேட் செய்யக் கொடுத்தால் மூலை வெட்டுகிற கருவி பிளாஸ்டிக்கைத் தாண்டித் தாளைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பக்கத்திலேயே நில்லுங்கள்.

கடைத் தம்பிமாருக்கு: வாடிக்கையாளர் பத்திரத்தை அனுப்பச் சொன்னால் உள்ளபடியே அனுப்புங்கள். உங்கள் கெட்டித்தனத்தைப் போஸ்டரில் காட்டுங்கள். நாங்கள் எல்லாரும் லைக் போடுகிறோம்.

அந்தப் பிள்ளையைப் பற்றிக் கேட்பீர்கள். அடுத்த முறைக்கு விண்ணப்பம் போட்டாகிவிட்டது. இந்த முறை என் முன்னாலேயே படம் எடுத்தான். மேசை தெரிந்தது, பக்கத்தில் இருந்த கோப்பையின் நிழலும் லேசாக விழுந்தது. "வெட்டவா டீச்சர்?" என்று கேட்டான். பிறகு அவனே பெரிதாக்கி நான்கு மூலையையும் பார்த்துவிட்டு, "வேணாம் டீச்சர், நம்பர் இருக்கு" என்றான். அப்படியே அனுப்பினோம். துஆ செய்யுங்கள், பிரார்த்தனை செய்யுங்கள்; அவனுக்கு இடம் கிடைக்க வேண்டும்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் கீழே எழுதுங்கள். யாருடைய பெயரும், பத்திரத்தின் படமும் போட வேண்டாம். இந்தப் பதிவை உங்கள் தோட்டத்து வட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பி விடுங்கள். ஒரு பிள்ளையின் ஒரு மூலையாவது தப்பினால் எனக்குப் போதும்.

வஸ்ஸலாம்.